குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு புது இனம்

நிமலன் மேசைக்கு அடியில் முழங்காலில் நின்று கம்பளத்தைத் தடவிக்கொண்டிருந்தான். தேடியது ஒரு சிலந்தியின் இடது முன்கை. கடுகை எட்டாக உடைத்தால் வரும் துண்டின் அளவு. நேற்று மாலை அதைத் தும்மித் தொலைத்தவன் அவனேதான்.

"என்ன தேடுறீங்க?" என்றாள் எதிர்மேசைப் பங்கஜம், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பேனா மூடி, மேடம்."

"நீங்க பென்சில்லதானே எழுதுவீங்க?"

நிமலன் இன்னும் உள்ளே தவழ்ந்தான்.

இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், விரிப்புப் போல வலை கட்டி அதன் அடியில் தலைகீழாகத் தொங்கும் சிலந்திகளை இனம் பிரிப்பதுதான் இருவருக்கும் வேலை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வெயில் எட்டிப் பார்க்காத ஓர் ஆய்வுக்கூடம். வெறும் கண்ணுக்கு அத்தனை இனமும் ஒரே கறுப்புப் புள்ளி. ஆணின் முகத்துக்கு முன்னால் குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது மாதிரி இரண்டு முன்கைகள் இருக்கும். அவற்றின் வளைவு நெளிவுதான் ஒவ்வொரு இனத்துக்கும் அடையாளம். இடதைக் கழற்றிப் படம் வரைவது தொழில் வழக்கம். கையில்லாத ஆணைக் காட்டிப் புது இனம் என்றால் இந்தத் தொழிலில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மாதக் கடைசியோடு அந்த அறையின் இரண்டு வேலைகளில் ஒன்று போகிறது. அதற்குள் புது இனம் ஒன்றை நிரூபிக்கிறவர் இருக்கலாம், மற்றவர் போகலாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். நிமலனுக்கு வேலை போனால் விசாவும் போகும். ஹென்டர்சன் புறநகர் வாடகை வீட்டில் இருக்கும் மனைவி லோஜனாவிடம் இதைச் சொல்ல மூன்று வாரமாக ஒத்திகை பார்க்கிறான். முதல் வரியைத் தாண்டவில்லை.

அவனிடம் இருந்தது ஒரே ஓர் ஆண் சிலந்தி. பங்கஜத்திடமும் ஏதோ ஒன்று இருந்தது. எங்கே கிடைத்தது என்று அவள் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. கேட்டால் தன்னுடையதையும் சொல்ல வேண்டி வரும்.

துப்புரவு செய்யும் ரதிதேவி வாக்யூம் கிளீனரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ரதியக்கா, இண்டைக்கு இங்க அடிக்காதேங்கோ!"

"நான் விடியவே அடிச்சிட்டன் தம்பி."

நிமலன் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். "அந்தத் தூசிப் பை எங்க?"

"இதுக்குள்ளதான் கிடக்கு. அது என்னத்துக்கு உங்களுக்கு?"

பையை வாங்கித் தன் மேசையில் விரித்த பேப்பரில் கொட்டினான். ஸ்டேப்ளர் கம்பிகள், பாதி பிஸ்கட், ஒரு பந்தளவு தலைமயிர். கையை மட்டும் காணவில்லை. கிளம்பிய தூசி அறையைச் சுற்றி வந்து பங்கஜத்தின் நுண்ணோக்கியில் இறங்கியது.

"நிமலன்! என் லென்ஸ்! ஒரு பேனா மூடிக்கு இந்தப் பாடா?"

"சொறி, மேடம்."

பிறகுதான் அவனுக்குப் பொறி தட்டியது. வலது கை இருக்கிறதே! அதை வரைந்து திருப்பிப் போட்டால் இடது. ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான். மூச்சைப் பிடித்து, ஊசி முனையால் வலது கையைக் கழற்றிக் கண்ணாடித் தட்டில் வைத்தான். இந்த முறை தும்மவில்லை.

தூசி போகட்டும் என்று பங்கஜம் ஜன்னலைத் திறந்தாள். மழைக்காற்று உள்ளே பாய்ந்தது. மேசையில் இருந்த தாள்கள் எழும்பிக் கண்ணாடித் தட்டைத் தட்டிவிட்டன.

நிமலன் மறுபடியும் மேசைக்கு அடியில் போனான். "இன்னொரு மூடியா?" என்று கேட்டாள் பங்கஜம்.

ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு எழுந்தான். இனி அந்தச் சிலந்தி ஆண் என்பதற்கு அவனுடைய வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி.

மிஞ்சிய வழி, இன்னொன்றைப் பிடிப்பது. இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த ஆணை மருந்துக் குப்பியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவள் ரதிதேவிதான். கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கும் ஈரச் சுவருக்கும் நடுவில் கிடைத்ததாம். மதியம் பங்கஜம் எங்கோ எழுந்து போனதும், சிலந்தியை உறிஞ்சிப் பிடிக்கும் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினான்.

மழை எல்லா வலையையும் கிழித்திருந்தது. முழங்கால் நனைய, அழுகிய வாழைப்பழத் தோலை விலக்கிக்கொண்டு தவழ்ந்தான். இந்த நாட்டுக்கு எதற்கு வந்தோம் என்று வாய்விட்டே சொன்னான். தொட்டியின் மூலை திரும்பியதும் முகத்தில் டார்ச் வெளிச்சம் அடித்தது.

எதிரே, அதே மாதிரித் தவழ்ந்தபடி, பங்கஜம்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"குப்பை போட வந்தனான். நீங்க?"

"நானும் குப்பைதான்."

இருவர் கையிலும் குப்பை இல்லை. இருவர் கழுத்திலும் குழாய் தொங்கியது. யாரும் எழுந்து போகவில்லை. மழை வலுத்தது.

பங்கஜம் டார்ச்சை அணைத்தாள். "ஐரோப்பாவுல ஒரு பெரிய சிலந்தி நிபுணர்கிட்ட என்னோடதை அனுப்பிக் கேட்டேன், நிமலன். பெண் சிலந்தியை மட்டும் வச்சுப் புது இனம்னு ஒத்துக்க முடியாதாம். அதோட ஆணையும் கொண்டுவாங்கறார். எனக்கு அம்பத்தெட்டு வயசு. இனிமே எவன் வேலை கொடுப்பான்?"

நிமலனுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. நாலு வருடத்தில் முதல்தடவை. கூடவே, இவள் போனால் நான் இருக்கலாமே என்ற நினைப்பும் வந்தது. அதற்காக வெட்கப்பட்டான். தன் சிலந்தியின் நிலைமையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது, உண்மையான குப்பைப் பையோடு ரதிதேவி வந்து நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கெண்டு தேடுறியளோ? அண்டைக்கு இந்தச் சுவரில ஒரே ஒரு வலையில, சோடியா ரெண்டுதான் இருந்ததுகள். ஒராளிட்டக் குடுத்தா மற்ற ஆள் கோவிப்பியள் எண்டுதான், வேற வேற குப்பியில போட்டு ஆளுக்கு ஒண்டாப் பிரிச்சுத் தந்தனான்."