தேனீக்கள் உட்கார்ந்த நிச்சயதார்த்தம்

முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. தனக்கு வேண்டியதெல்லாம் தன் முதுகிலேயே இருக்கிறது என்ற திமிர். என்னுடையது ஒரு மே மாதக் காலையில் செர்ரி மரத்தடியில் போயிற்று.

ஜெர்சி சிட்டியில் படிப்பை முடித்திருந்தேன். வேலையில் சேரச் சில மாதங்கள் இருந்தன. கார்த்திக்கை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். சரி என்று சொன்னேனே தவிர, நல்ல பையன் என்பதைத் தாண்டி அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் கொஞ்சம் தனியாகச் சுற்றுகிறேன், பண்ணைகளில் வேலை செய்து செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். (அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசியதற்கு, பேசாமலே இருந்திருக்கலாம்.)

நாட்டின் மறுகோடியில், எங்கள் வீடு இருக்கும் லிவர்மோரின் மலைகளுக்கு அந்தப் பக்கம், சாலையோரப் பழக்கடை ஒவ்வொன்றிலும் ஆள் வேண்டுமா என்று கேட்டு அலைந்தேன். கடைசியில் டோனா என்ற செர்ரித் தோட்டக்காரர் ஏணியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். ஏணியும் நானும் சேர்ந்து புல்லில் சாய்ந்தோம். அவருக்கு ஆள் பற்றாக்குறை, எடுத்துக்கொண்டார். செர்ரியைக் காம்போடு பறிக்க வேண்டும். நான் பறித்தால் பழம் மட்டும் வந்தது.

நான் முதலில் சொன்ன அந்த நாளின் மாலையில் லிவர்மோர் கோயிலில் எனக்கு நிச்சயதார்த்தம். அரை நாள் வேலை பார்த்துவிட்டு நேராகப் போய்விடலாம் என்பது என் மகத்தான திட்டம். பட்டுப்புடவை, நகை, போன் எல்லாம் பையில். பை மரக்கிளையில்.

வெயில் ஏறியபோது, வானத்தில் யாரோ தம்புரா மீட்டுவது போல் ஒரு சத்தம். நிமிர்ந்தேன். ஆயிரக்கணக்கான தேனீக்கள் புகையாய்ச் சுழன்று வந்து என் பைமேல் இறங்கின. கொஞ்ச நேரத்தில் பையைக் காணோம். அது தொங்கிய இடத்தில் பழுப்பாய் ஏதோ ஒரு பெரிய உயிர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

பட்டதாரியான நான், ஏணி உச்சியிலிருந்து "போ, போ" என்று அதைத் தமிழில் அதட்டினேன். தொப்பியால் விசிறவும் போனேன். டோனா என் காலைப் பிடித்து இறக்கினார். ராணித் தேனீ புது வீடு தேடிப் போகிறது, வழியில் இளைப்பாறுகிறது, கலைக்கக் கூடாது என்றார். தேனீ வளர்க்கும் நண்பர் ஒருவரை வரச் சொல்லியிருந்தார்.

டோனாவின் போனிலிருந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நிச்சயத்தை நிறுத்த நான் கட்டிவிடும் கதை என்று அம்மா முடிவுகட்டினார். மாப்பிள்ளையையே கார் ஓட்டச் சொல்லி, தான் கட்டியிருந்த பட்டுப்புடவையோடு தோட்டத்துக்கு வந்து இறங்கினார். கதவைத் திறக்கும்போதே திட்ட ஆரம்பித்தவர், மரத்தைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நின்றார்.

மெதுவாக, "உன் புடவை உள்ளதான் இருக்கா?" என்றார்.

"ஆமாம்மா."

"சரி. அவங்க கிளம்பட்டும். அவசரப்படுத்த வேண்டாம்."

நண்பர் வந்தார். வெள்ளைப் பெட்டியைக் கீழே வைத்து, பையை ஒரே உலுக்கு உலுக்கினார். மொத்தக் கூட்டமும் தண்ணீரைப் போலக் கொட்டியது. ராணி பெட்டிக்குள் போய்விட்டது போலும். வெளியே சிதறியவையும் திரும்பி, தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாய் உள்ளே நடந்தன. எனக்குச் சிலிர்த்தது. இதைச் சொல்ல யாராவது வேண்டும் போலிருந்தது. திரும்பினேன். கார்த்திக் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்படியே என்னைப் போல.

"கோயிலுக்கு லேட் ஆகுதே," என்றேன்.

"ஆகட்டும். கடைசி ஈ உள்ள போறத பாத்துட்டுப் போலாம்," என்றார்.

அப்போதுதான் எனக்கு இவர் சரிப்பட்டு வருவார் என்று தோன்றியது.

நல்ல நேரம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். சம்பந்தி வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய அம்மா, அதை மறந்துவிட்டு, அவர்களை உட்காரவைத்துத் தேனீக் கதை சொன்னார்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் தாமதமாக வந்தாலும் அம்மா கேட்பது, "என்ன, தேனீ உக்காந்துடுச்சா?" என்றுதான். ஒரு நாள் லேட்டாகப் போன என் மகள், டீச்சரிடம் அதையே ஆங்கிலத்தில் காரணமாகச் சொல்லிவிட்டாள். ஸ்கூலிலிருந்து உடனே போன். குழந்தைக்கு எங்கே கொட்டியது, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார்கள்.