கம்ப்யூட்டர் மார்க்குக்கு ஒரு ஸ்தோத்திரக் கூட்டம்

பிள்ளை மார்க் வாங்கிவிட்டால் தாய்க்குப் புத்தி வேலை செய்யாது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்யாமல் போனது. மகள் கம்ப்யூட்டர் விளையாட்டில் எடுத்த மார்க்குக்காகப் போதகரைக் கூப்பிட்டு, பாயசம் வைத்து, கர்த்தருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டம் நடத்தியவள் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை. (சரி, அன்று ஒரு நாள் பட்டேன்.)

ஜெனிக்கு ஐந்து வயதில் இடது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டாக்டரம்மா விடவில்லை.

"லென்ஸ் நாங்க வச்சாச்சு. பார்க்கப் பழக்க வேண்டியது நீங்க. இல்லன்னா மூளை நல்ல கண்ணை மட்டும் நம்பிட்டு, இந்தக் கண்ணைக் கைகழுவிடும்."

வீட்டில் தினமும் விளையாட ஒரு சிடியும், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக ஒரு கண்ணாடியும் தந்தார். அதைப் போட்டுக்கொண்டால் திரையில் விழும் பந்துகள் இடது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவற்றைக் கூடையில் பிடிக்க வேண்டும். இதுதான் வைத்தியம்.

துபாயிலிருந்து கணவர் லேப்டாப் அனுப்பினார். கொட்டாரம் ஊரில் எங்கள் அடுத்த வீட்டில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு, அதாவது என் மைனிக்கு, அதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"ஏட்டி, ஆபரேஷன் செய்த கண்ண கம்ப்யூட்டருக்க முன்னால கொண்டு வச்சிருக்கியே, உனக்கு கூறு கெட்டுப்போச்சா?"

"டாக்டருக்குப் படிச்சது நீங்களா மைனி, அவங்களா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் பனிப்போர்.

முதலில் ஜெனி ஒரு பந்தையும் பிடிக்கவில்லை. சில வாரங்களில் திடீரென்று முழு மார்க். மறுநாளும் முழு மார்க். நான் துபாய்க்குப் போன் போட்டு அழுதேன். அடுத்த வேலையாகப் போதகர் வீட்டுக்கு ஓடினேன்.

கூட்டத்தன்று சபையில் பாதிப்பேர் எங்கள் முன்னறையில். நான் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொன்னேன். "கம்ப்யூட்டர் பாத்தா கண்ணு போயிரும்னு சிலபேரு சொன்னாவ," என்று தொடங்கி, அந்தச் சிலபேர் யார் என்பது யாருக்கும் விட்டுப்போகாதபடி மைனியையே பார்த்துக்கொண்டு பேசினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்களே கண்ணால பாருங்க," என்று லேப்டாப்பைத் திறந்து ஜெனியை உட்கார வைத்தேன்.

பந்து விழுந்தது, பிடித்தாள். அடுத்ததையும் பிடித்தாள். போதகர் கை தட்டினார். பாயில் உட்கார்ந்திருந்த மைனி மட்டும் தலையைச் சாய்த்து ஜெனியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, கண்ணாடி மூக்குத் தும்புலல்லா கெடக்கு. பிள்ள அதுக்க மேல கூடி நல்ல கண்ணால பாக்குது."

ஜெனி திரும்பி, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாள்: "கண்ணாடிக்குள்ள கூடிப் பாத்தா தெரியமாட்டேங்குது அத்தே. மேல கூடிப் பாத்தா நல்லாத் தெரியும்."

இத்தனை வாரமும் அந்தக் கண் வேலையே செய்யவில்லை. டாக்டரம்மா சொன்னபடி மூளை அதைக் கைகழுவிக்கொண்டிருந்தது, நான் இங்கே முந்திரிப்பருப்பு வறுத்துக்கொண்டிருந்தேன். போதகர் தொண்டையைச் செருமினார்.

"அப்போ ஸ்தோத்திரத்த இன்னொரு நாள் வச்சிட்டு, இன்னைக்கு விண்ணப்ப ஜெபமா மாத்திரலாமாம்மா?"

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்குத்தான் எங்கிருந்தோ வீம்பு வந்துவிட்டது.

"வேண்டாம் ஐயா. ஸ்தோத்திரமே இருக்கட்டும். கர்த்தர் அத அட்வான்ஸா வச்சுக்கிடட்டும். பாயசமும் வச்சாச்சு."

சொல்லிவிட்டு, தையல் டப்பாவிலிருந்து எலாஸ்டிக் எடுத்து, கண்ணாடியை அவள் தலையோடு சேர்த்துக் கட்டினேன். அத்தனை பேர் முன்னால் ஜெனி எல்லாப் பந்தையும் விட்டாள். முட்டை மார்க். அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் மைனி முன்னால் அழுவேனா? "இன்னொரு தடவ மக்கா," என்றேன். போதகர் வேர்த்து வழிய ஸ்தோத்திர ஜெபம் செய்தார்.

மறுநாள் சாயங்காலம் மைனி வந்து லேப்டாப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டர் கெடுதிதான், அதுல எனக்கு மாற்றமில்ல. ஆனா எனக்க தம்பி மவ கள்ளவிளையாட்டு விளையாடப்பிடாது."

அதன்பின் தினமும் வந்தார். ஜெனியின் முதல் நேர்மையான பந்து கூடையில் விழுந்தபோது என்னைவிடச் சத்தமாகக் கத்தியதும் அவர்தான். வலது கண் அளவுக்கு இடது கண் வரவில்லை. ஆனால் நல்ல கண்ணை மூடிக்கொண்டு பஸ் போர்டு வாசிக்கிறாள். அந்த டாக்டரம்மாவுக்கே அது திருப்திதான்.

இப்போது ஜெனி கல்லூரியில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். ரிசல்ட்டுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. நேற்று மைனி அடுத்த வீட்டிலிருந்தே போன் செய்தார்.

"ஏட்டி, போதகர்ட்ட ஸ்தோத்திரத்துக்குச் சொல்லிட்டியா?"

"நேத்தே சொல்லியாச்சு மைனி," என்றேன். "வந்து பாயசத்துக்குத் தேங்காய் துருவுங்க."