பாலத்தில் நின்ற வெள்ளைக் கார்

உயிரே போனாலும் மூலை அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கும்போது, பிரேக் மாஸ்டர் முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவு வெளியே யாருக்கும் கேட்கவில்லை. மனைவிக்குக் கேட்காத இடத்தில் அவர் எப்போதுமே சிங்கம்தான்.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நாள் முழுக்க மிதிப்பதுதான் வேலை. பட்டப்பெயர் அப்படி வந்தது. ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத அந்த மனுஷர் வீட்டுக்கு வந்தால் மூலை அறையில் முந்நூறில் பறப்பார். ஒரு பழைய டிவி, ஒரு பழைய வீடியோ கேம், இரண்டே கேசட்: ஒரே கார் பந்தயத்தின் முதல் பாகமும் இரண்டாம் பாகமும்.

மனைவி காது கேட்கும் மெஷின்களை ரிப்பேர் செய்கிறவள். இடமில்லாமல் சாப்பாட்டு மேஜையில்தான் வேலை. போன வாரம் கடுகளவு திருகாணி ஒன்று மாஸ்டரின் பல்லில் சிக்கியது. அதனால் அவளுக்கு மூலை அறை வேண்டும்.

“முதல் பாகம் தங்கம். ரெண்டாம் பாகம் முலாம்” என்பது மாஸ்டரின் தீர்ப்பு. பழக வருகிறவர்கள் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் இதைக் கேட்டே ஆகவேண்டும். இரண்டிலும் அதே கடலோரச் சாலை, அதே சுரங்கப்பாதை, அதே பாலம், அதே பாட்டு. பெயர்கூட ஒன்றுதான். இரண்டாவதில் கடைசியாக ஒரு ‘2’ வரும். டிவியின் வலது ஓரம் செத்துப்போனதால் அதுவும் தெரியாது. புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று. அதுவரை ஓட்டியதிலேயே வேகமான ஓட்டத்தை இரண்டாம் பாகம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அந்த ஓட்டம் ஒரு வெள்ளைக் காராக, உள்ளே ஆளில்லாமல், கூடவே வரும்.

“இதெல்லாம் ஒரு கேமா? சூனியம்!” என்பார் மாஸ்டர். அந்தச் சூனியம்தான் இப்போது கைகொடுத்தது.

“இங்க வாயேன். இந்த ரூம்ல என்னமோ சரியில்ல.”

“ஒட்டடை அடிக்காட்டி எந்த ரூமும் சரியா இருக்காது.”

“விளையாடாத. அந்த வெள்ளை வண்டியைப் பாரு. அதை நான் ஓட்டல. யாருமே ஓட்டல.”

அவள் பார்த்தாள். வெள்ளைக் கார் ஒவ்வொரு வளைவிலும் தயங்கித் தயங்கிப் போய்க்கொண்டிருந்தது.

“யாருங்க அது?” குரல் கம்மியது.

“முன்னாடி இந்த வீட்டுல இருந்தவங்களோ என்னவோ. நான் சமாளிச்சுக்குவேன். நீ இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காத.”

“எனக்கெதுக்குங்க வம்பு!” என்று ஓடியே போனாள். மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. நண்பகலிலேயே அறை இருட்டிக் கிடந்தது. மாஸ்டர் முதல் பாகத்தைச் செருகினார். கொடி அசைந்தபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்; தாமதமாகத்தான் கிளம்பினார்.

“ஆஹா! ஸ்டியரிங்கா இது, வெண்ணெய்! ரெண்டாம் பாகம் இதுக்குக் கால்தூசி பெறுமா?” என்றார், சமையலறைக்கும் கேட்கும்படி.

“பெறாதுங்க” என்று பதில் வந்தது.

சுரங்கப்பாதை முடிந்தது. பாலத்தின் நடுவில் வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது.

முதல் பாகத்தில் அது இருக்கவே முடியாது. பன்னிரண்டு வருஷமாக இருந்ததும் இல்லை. மாஸ்டர் தன் சிவப்புக் காரை மெல்ல உருட்டிக்கொண்டு பக்கத்தில் போனார். ஓட்டுகிறவர் இடம் காலி. ஒட்டிப் போய் நின்றதும், அதற்காகவே காத்திருந்தது போல அது கிளம்பியது. வளைவு வந்தது, பிரேக் விளக்கு எரியவில்லை. அடுத்த வளைவிலும் எரியவில்லை. அவ்வளவு நேரம் நின்ற வண்டி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தும்விட்டது.

கேசட்டைப் பிடுங்கிப் பார்த்தார். லேபிளில் பளிச்சென்று 1. ஊதித் துடைத்து மறுபடியும் செருகினார். இந்தத் தடவை அது பாலம்வரைகூடப் போகவில்லை. புறப்படும் கோட்டிலேயே, அவர் காரை உரசிக்கொண்டு நின்றது.

ஜாய்ஸ்டிக் எங்கே விழுந்தது என்று தெரியாது. மாஸ்டர் ஹாலில் இருந்தார்.

“என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“அந்த ரூம் எனக்கு வேண்டாம்.”

“ஐயையோ, பேயா?”

“பேயாவது ஒண்ணாவது! பாவம், உனக்கு மேஜை போட இடமில்லையேன்னுதான்.”

“எனக்குப் பயமா இருக்கே.”

“பெரிய பல்பாப் போட்டுக்கோ. மேஜையை நானே தூக்கிப் போடறேன்.”

போட்டார். முதுகு பிடித்துக்கொண்டது.

மறுநாள் மாலை, அறைக்குள் கால் வைக்காமல் எட்டிப் பார்த்தார். மேஜை விளக்கடியில் இரண்டு கேசட்டும் திறந்து கிடந்தன. ஊசிமுனை ஸ்க்ரூடிரைவரோடு மனைவி ஒன்றின் உள்ளே இருந்ததை எடுத்து மற்றதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மாத்திப் போட்டிருந்தேன். இப்ப சரி பண்ணிடறேன்.”

“அப்ப, அந்த வண்டி?”

“நான் ஓட்டினதுதான். நீங்க வேலைக்குப் போனதும் நாலு நாள் பழகினேன். ஓட்டுறது ஒண்ணும் கஷ்டமில்ல. பாலத்துல நின்னு உங்களுக்காகக் காத்திருந்தேன் பாருங்க, அதான் கஷ்டம்.”

“நான் காட்டினப்ப நடுங்கினியே?”

“வளைவுக்கு வளைவு பிரேக் போடுற பேய் இந்த வீட்டுல வேற யாருங்க இருக்கா?”

மாஸ்டருக்கு அழுகை வராத குறை. அறையும் போய், முதுகும் போய், மிச்சமிருந்தது அந்தத் தீர்ப்பு ஒன்றுதான். அதையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்.

“அது கிடக்கட்டும். நேத்து நான் வெண்ணெய், வெண்ணெய்னு புகழ்ந்தேனே, அது?”

அவள் தலை நிமிராமல் திருகாணியை முடுக்கினாள்.

“ரெண்டாம் பாகத்தைத்தாங்க.”