ரூட் அண்ணை நம்பாத "ஓம்"

மொன்றியலில் எவரையும் நம்பாமல் முப்பது வருடம் சந்தோஷமாக வாழ்ந்த ஒரே மனிதர் ரூட் அண்ணைதான். மெட்ரோவில் அடுத்த நிலையம் 'பார்க்' என்று அறிவித்தாலும் சுவரில் பெயரைப் பார்க்காமல் இறங்கமாட்டார். புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கு அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இணையத்தில் எது போனாலும் எந்த வழியால் போகிறது என்று துருவுவார். 'ரூட்' என்ற பெயர் அப்படி வந்தது.

என் கல்யாணத்துக்கு வர மாமனாருக்கு விசா கிடைக்கவில்லை. ஒரே மகளின் தாலிகட்டை யாழ்ப்பாணத்தில் இருந்தபடி நேரலையில் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பை ரூட் அண்ணையிடம் கொடுத்தேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

"இலவசமாக் காட்டுற இடங்கள் இருக்குதே அண்ணை" என்றேன்.

"தாலி கட்டேக்கை சவர்க்கார விளம்பரம் வந்தால் பரவாயில்லையோ?"

ஆகவே படத்தை இணையத்தில் அனுப்ப எங்களுக்கென்றே ஒரு சேர்வர் வாடகைக்கு எடுப்பதென்று முடிவானது. கம்பனி கம்பனியாகத் தொலைபேசி எடுத்தார். ஒருவர், உலகம் முழுக்க அதிவேகம் என்றாராம். "உலகம் முழுக்க எண்டால் ஒரு இடத்துக்கும் இல்லை எண்டு அர்த்தம்" என்று சொல்லி ரூட் அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டார். 'பொன்ஜூர்' என்று இனிமையாகத் தொடங்கிய ஒரு பெண், சேர்வர் மொன்றியலிலேயே இருக்கிறது என்றாள். எந்தத் தெரு என்று கேட்டார். இந்த முறை அவள் வைத்துவிட்டாள்.

மிஞ்சிய கம்பனிகளிடம் சோதனை முகவரி வாங்கி, மாமனாருக்கு அனுப்பி, இரண்டு வாரம் மருந்து மாதிரி மூன்று வேளையும் சோதிக்க வைத்தார். மலிவான கம்பனியில் படம் போகும் வழியைப் பார்த்துக் கொதித்துப் போனார்.

"நியூயோர்க், லண்டன், பேந்து திரும்பிக் கலிபோர்னியா, அதுக்குப் பிறகு சிங்கப்பூர். கலியாணத்துக்கு வாற சொந்தக்காரர்கூட இப்பிடிச் சுத்தமாட்டினம்."

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதையும் நம்பாமல் வேறு கம்பனியில் இரண்டாவது சேர்வர் ஒன்றும் எடுத்து வைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

கல்யாண நாள் காலை. யாழ்ப்பாணத்தில் அப்போது மாலை, இணையத்தில் நெரிசல் கூடிய நேரம். தாலி என் கையில். மணவறைக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு ரூட் அண்ணை. தொலைபேசியில் மாமனாரின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, படம் தெரியுதோ?" என்று ரூட் அண்ணை கேட்டார்.

"ஓம் தம்பி, வடிவாத் தெரியுது. நீங்கள் நடத்துங்கோ."

எங்களுக்கு அது போதும். ரூட் அண்ணைக்குப் போதவில்லை. கமெராவுக்கு முன்னால் போய் ஒரு வாழைப்பழத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"என்ர கையிலை என்ன இருக்கு, சொல்லுங்கோ."

"பூத்தானே தம்பி?"

அங்கே படம் உறைந்து பத்து நிமிடமாம். மகளின் முகூர்த்தத்தை மறிக்கக் கூடாதென்று மனிதர் பொய் சொல்லியிருக்கிறார்.

"தாலியைக் கட்டாதையும்" என்றார் ரூட் அண்ணை என்னிடம். நல்ல நேரம் முடியுது என்று ஐயர் பதறினார்.

"ரெண்டு நிமிசம் பொறுங்கோ. உங்கட நல்ல நேரத்திலை அந்த மனுசனுக்கும் பங்கிருக்கு."

இரண்டாவது சேர்வருக்கு மாற்றினார். தொலைபேசியில் மாமனாரின் குரல் வந்தது.

"பிள்ளை ஏன் அழுறாள்?"

திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கட்டும்" என்றார் ரூட் அண்ணை.

கட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை, திரையில் ஓடிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தேடிப் போய் நன்றி சொன்னேன்.

"உம்மட மாமா கடைசி வரைக்கும் பார்த்தவரோ, இல்லாட்டித் திரும்பவும் சும்மா ஓம் எண்டவரோ?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

இந்த ஊரில் எங்களுக்காக இவ்வளவு சந்தேகப்பட்டவர் வேறு எவருமில்லை.