மூடியில் ஏறிய தூள்

அன்று காலை ஆய்வகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரம், நுண்ணோக்கிக்குப் பின்னால் தலைவி. காற்றை உறிஞ்சும் கண்ணாடிச் சாடிக்கு எதிரே, கால் ஆடும் ஸ்டூலில் உதவியாளர். கதவருகே நாற்காலி நுனியில், மடியில் பையை அணைத்தபடி, தூள் விற்கும் கம்பெனியின் ஆள். அவர் உதவியாளருடைய மனைவியின் அண்ணன். சங்கடமே அதில்தான்.

திசுச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அந்த வெள்ளைத் தூளைக் கரைத்து மேலே தெளித்து, சாடிக்குள் உலர்த்த வேண்டும். பிறகு லேசர் பட்டதும், தூள் திசுவின் மூலக்கூறுகளைக் கிளப்பிவிடும். கருவி அவற்றை எடைபோட்டுப் படம் காட்டும். புது டப்பாவைத் திறந்த இரண்டு நாளாகப் படமே இல்லை. சாடியிலிருந்து எடுத்தால் தகட்டில் தூள் இருப்பதில்லை.

"மதியத்துக்குள்ள படம் வரலைன்னா, பவுடர் போலின்னு கம்பெனிக்கு எழுதிடுங்க," என்றார் தலைவி.

உதவியாளர் மனசுக்குள் கணக்குப் போட்டார். அந்தக் கடிதம் போனால் மச்சானுக்கு வேலை போகும். தனக்கு வீட்டில் சோறு போகும்.

"போலியெல்லாம் இருக்காது மேடம். மச்சான் அனுப்பின சரக்கு. சரியாக் காயலை, அவ்வளவுதான்."

"மாப்பிள்ளை, அது வந்து..." என்று மச்சான் இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. நான் பாத்துக்கறேன்."

உதவியாளர் சாடியின் காற்றுப் பம்பைக் கூடுதல் நேரம் ஓடவிட்டார். ஒட்டியிருந்த தூளும் குறைந்தது. சாடியின் மூடி வேறு மங்கியது. துணியால் பளிச்சென்று துடைத்து வைத்தார். அடுத்து, சாடிக்கு அடியில் சூடு காட்டினார். தகடு கழுவிவிட்டது போல ஆயிற்று. மூடி இன்னும் மங்கியது. அதையும் துடைத்தார்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்..."

"மச்சான், உங்க மானத்தைக் காப்பாத்திட்டிருக்கேன். குறுக்க பேசாதீங்க."

இம்முறை தூளை அப்படியே அள்ளிச் சாடியின் அடியில் கொட்டினார். மூடி சூடேறி விரிசல் விடப் போகிறதே என்று அதன்மேல் ஐஸ் பையை வைத்தார். சற்று நேரத்தில் கொட்டிய தூளில் பாதியைக் காணோம். மூடி வெளுத்துக் கிடந்தது. அவர் துணியை எடுத்தார்.

"துணியைக் கீழ வைங்க," என்றார் தலைவி.

மூடியைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "பதங்கமாதல்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே. உருகாமலே ஆவியாகி, குளிர்ச்சியான இடமாப் பாத்து உக்காந்திருக்கு. எந்தப் பவுடரைத் தெளிச்சாலும் திட்டுத்திட்டா நின்னு படம் கலங்கும், ஒரு வருஷமா தலையை உடைச்சுக்கறேன். இங்க வந்து பாருங்க."

உதவியாளர் குனிந்தார். ஒவ்வொரு மணியையும் இடம் பார்த்து உட்கார வைத்தது போல, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், அத்தனை அடக்கமாக நிரவிக் கிடந்தது தூள். இரண்டு முறை தான் துடைத்துத் தள்ளிய அழுக்கு இதுதானா?

புதிய திசுத் தகட்டை மூடியின் உட்புறம் ஒட்டி, மேலே ஐஸும் கீழே தூளும் வைத்துச் சூடு காட்டினார்கள். மதியத்துக்குள் படம் வந்தது, ஓரங்கூடக் கலங்காமல்.

தலைவி சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார்: "இப்படி ஒரு தூளை நாங்கள் கண்டதில்லை. இனி இதையே அனுப்பவும். பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தங்கள் ஊழியரைப் பாராட்டுகிறோம்."

உறையை ஒட்டி, முத்திரை குத்தி, வாசலில் நின்ற தபால்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், கோட்டையைப் பிடித்தவர் போல நிமிர்ந்தார்.

"இப்ப சொல்லுங்க மச்சான். காலையிலேருந்து என்னமோ சொல்ல வந்தீங்களே?"

மச்சான் பையைத் திறந்து, அதே அளவில் ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீங்க கேட்ட பவுடர் இதுதான் மாப்பிள்ளை. போன தடவை டப்பா மாறிப்போச்சு."