எல்லாம் பதிவாகியிருக்கிறது

கேமராவில் மழை மட்டும்தான் இருந்தது. அதுவும் பாதி மழை.

மான்சிக் கைப்பேசியில் அந்தக் காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். கார் நிறுத்துமிடம், மழை, எதிர் வரிசையில் ஒரு வேன். பிறகு ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள்தான் யாரோ வந்து புதுக் காரின் பின்கதவை நசுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நிறுத்தி வச்ச காரைப் பாதுகாக்கத்தானே அதுக்குள்ள கேமரா மாட்டினீங்க?" என்றாள் மனைவி ஹேரான்.

"கார் பேட்டரி குறைஞ்சா கேமரா தானா அணைஞ்சிடும்."

"அப்படி வச்சது யாரு?"

"நான்தான். போன மாசம் ராத்திரி பூரா ஓடி, காலையில வண்டி ஸ்டார்ட்டே ஆகலையே."

"அப்போ கேமரா ஓடினா வண்டி ஓடாது, வண்டி ஓடணும்னா கேமரா ஓடாது. ரொம்பப் பாதுகாப்பு."

தென் கொரியாவின் தேஜோன் நகரத்தில் குளியலறை ஓடு விற்கும் கம்பெனியில் தலை நரைக்கும்வரை உழைத்து மான்சிக் வாங்கிய முதல் புதுக் கார் அது. அதற்குமுன் ஓட்டியதெல்லாம் மச்சான் ஓட்டிக் கழித்தவை.

அன்று மாலை அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்.

"செவ்வாய்க்கிழமை என் காரருகே வந்துபோன எல்லாரும் கேமராவில் பதிவாகியிருக்கிறார்கள். பின்கதவை இடித்தவர் தாமாக வந்து சொன்னால் மன்னிப்பேன். இல்லாவிட்டால் வீடியோவை எல்லாருக்கும் போட்டுக் காட்டுவேன். வீட்டு எண் 704."

"பொய்" என்றாள் ஹேரான்.

"பாதிப் பொய். மழை பதிவாகியிருக்கே."

மறுநாள் அழைப்பு மணி அடித்தது. கட்டடத்தின் காவலாளி பாங் நின்றுகொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் மனிதர். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். இரண்டு கையாலும் பெரிய தர்பூசணி ஒன்றைத் தாங்கியிருந்தார்.

"நான்தான் சார். பழைய அட்டைப்பெட்டி ஏத்துற வண்டியைத் தள்ளிட்டு வந்தேன். மழையில கை வழுக்கிடுச்சு."

மான்சிக்கின் கோபமெல்லாம் அந்த வாசலிலேயே வடிந்துவிட்டது.

"விடுங்க ஐயா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஐயோ, சொல்லணும் சார்! நான்தான்னு லிஃப்ட்ல எழுதிப் போட்டுடுங்க."

"அது எதுக்குங்க?"

"ஆள் யாருன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் யாரும் வீடியோவைப் பார்க்க வேண்டியதில்ல பாருங்க."

கதவைச் சாத்தியபின் மான்சிக் மனைவியிடம், "எப்பேர்ப்பட்ட நேர்மை!" என்றார்.

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். காரை இடித்தவர் காவலாளி பாங் என்றும், அவருடைய நேர்மை தம்மை நெகிழவைத்துவிட்டது என்றும் எழுதினார். கட்டடவாசிகள் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

பாங்கின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டாலே ஆட்கள் ஓடிவந்து தங்கள் கார்களின் முன் நின்றார்கள். "காரைப் பார்த்துக்கச் சொன்னா காரையே இடிக்கிறாரு" என்று லிஃப்டுக்குள் பேச்சு. வேறு காவலாளியைப் போடச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்துக்குப் புகாரும் போனது.

மான்சிக் தர்பூசணியின் கடைசித் துண்டைத் தின்றுகொண்டிருந்தபோது ஹேரான் கீழேயிருந்து வந்தாள்.

"அந்த அட்டை வண்டியை இப்பத்தான் பார்த்தேன். என் முழங்கால் உயரம்கூட இல்ல. கார்ல டொக்கு விழுந்திருக்கிறது இடுப்பு உயரத்துல. அவர் இடிக்கவே இல்லைங்க."

"அப்புறம் ஏன் ஒத்துக்கணும்?"

"பயம்தான். எப்படியும் காவலாளியைத்தானே கேட்பாங்க. இல்லாத வீடியோவைக் காட்டி ஒரு வயசான மனுஷனை மிரட்டிட்டீங்க."

மீதித் துண்டைத் தட்டில் வைத்தார். மான்சிக் நேராகக் காவல் கூண்டுக்குப் போனார்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. நீங்க இடிக்கலதானே?"

பாங்கின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் சார், நான்தான்! தயவுசெஞ்சு கிளறாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதைக் கேட்டபின் மான்சிக்குக்குச் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை.

சனிக்கிழமை சங்கக் கூட்டம். பாங்கின் விவகாரம் வந்ததும் தலைவி குவாக் எழுந்தார். பொதுவாக யாரையும் மன்னிக்காதவர் என்று பெயரெடுத்தவர். அன்று, "மனுஷங்கன்னா தப்பு செய்வாங்க. பாவம், வேலையை விட்டு எடுக்க வேணாம். இதோட முடிச்சுக்குவோம்" என்றார்.

அந்த வார்த்தை மான்சிக்கை உலுக்கியது. தலைவியே இவ்வளவு இரங்கும்போது குற்றவாளியான தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? முன்னால் போய் மைக்கைப் பிடித்தார்.

"என்கிட்ட வீடியோ எதுவும் இல்ல. கேமரா அணைஞ்சு கிடந்தது. நான் சொன்னது பொய். அந்தப் பொய்க்குப் பயந்துதான் பாங் ஐயா செய்யாத தப்பை ஏத்துக்கிட்டாரு. தண்டிக்கணும்னா என்னைத் தண்டிங்க."

இடுப்பை வளைத்துக் குனிந்தார். நிமிரவே இல்லை. முதல் கைதட்டல் தலைவியிடமிருந்து வந்தது. அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஓடிவந்து மான்சிக்கின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"நிஜமாவே வீடியோ இல்லையா?"

"சத்தியமா இல்ல."

"உங்களை மாதிரி உண்மையான மனுஷரை நான் பார்த்ததே இல்ல" என்றார் தலைவி.

பாங் நிரபராதி என்று கூட்டம் ஒருமனதாக முடிவு செய்தது. கூட்டம் கலைந்து, ஆளுக்கொரு வார்த்தை பாராட்டிப் போனபின் மான்சிக் வெளியே வந்தார். மழை விட்டு வெயில் கொளுத்தியது. வழியில் காரைக் கடந்தார். நசுங்கிய கதவைப் பார்த்தும் வருத்தம் வரவில்லை. நல்ல சேதியைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று காவல் கூண்டுக்கு நடந்தார்.

கூண்டின் வாசலில் இரண்டு பேர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாங் உள்ளே வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் அந்த லாரி மேலேயே இருந்தது.

"ஐயா! உங்க மேல இருந்த பழி போயிடுச்சு!"

பாங் எழுந்திருக்கவில்லை.

"அது என்னங்க பெட்டி?"

"ஏசி சார். இங்க மாட்டத்தான் கொண்டு வந்தாங்க. இப்பத்தான் தலைவியம்மா போன் பண்ணி வேணாம்னுட்டாங்க."

"அவங்களா? ஏன்?"

பாங் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க காரை இடிச்சது அவங்கதான் சார், பழியை நான் ஏத்துக்கிட்டா ஏசின்னு பேச்சு, வீடியோவே இல்லேன்னு நீங்க மைக்குல சொன்னப்புறம் அவங்களுக்கு நான் எதுக்கு?"