சடையப்பன் கரடியும் நாலு காவடி அளவும்

ஒரு காட்டில் நாற்பத்து மூன்று விலங்குகளும் ஒரே ஒரு சுனையும் இருந்தன. சிங்கராஜாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் எந்தக் கணக்கிலும் சேரமாட்டார்.

கோடை வந்தால் சுனைத் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கிவிடும். முதலில் குடிப்பவருக்குத் தெளிந்த நீர். பத்தாவதாகக் குடிப்பவருக்குக் கலங்கல். முப்பதுக்கு மேல் போனால் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும். சேறு வெளியே நிற்கும், ஈரம் உள்ளே போகும்.

யார் முதலில் குடிப்பது என்பதற்கு அந்தக் காட்டில் பல முறைகளைச் செய்து பார்த்தார்கள். பலசாலி முதலில் என்றபோது மான்கள் புகார் கொடுத்தன. வயதில் மூத்தவர் முதலில் என்றபோது ஒரே வாரத்தில் எல்லோருக்கும் எண்பது வயதாகிவிட்டது. டோக்கன் கொடுத்தபோது அதை வரையாடு தின்றுவிட்டது.

கடைசியில் சிங்கராஜா ஒரு வழி கண்டுபிடித்தார். சுற்றுலா வந்தவர்களிடமிருந்து குரங்குகள் பறித்து வைத்திருந்த செல்போன்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். “எல்லாரும் ஆன்லைன் கோல்ஃப் ஆடுங்க. அதுல என்ன வரிசையோ அதுதான் தண்ணி வரிசை. கம்ப்யூட்டர் போடுற வரிசைக்கு நான் பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டு, வரிசையில் நிற்காமல் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்.

முதலிடம் வைரமணி என்ற கீரிக்கு. நாற்பத்து மூன்றாம் இடம் சடையப்பன் என்ற கரடிக்கு.

தினமும் காலையில் வைரமணி குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, வரிசையின் கடைசி வரைக்கும் நடந்து வருவாள். வேறு வேலை எதுவும் அவளுக்கு அந்தப் பக்கம் கிடையாது.

“என்ன அண்ணாச்சி, இன்னிக்கும் சேத்துக் காப்பியா?”

சடையப்பன் பதில் சொல்லமாட்டான். வாய் திறந்தால் இருக்கிற ஈரமும் போய்விடும்.

அவன் ஆடத் தெரியாதவன் இல்லை. தூரத்து அடிகளில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே இழுப்பில் பந்து திரையில் மலை தாண்டிப் போய், கொடி நட்ட குழிக்குப் பக்கத்தில் விழும். தொல்லை அதற்குப் பிறகுதான். குழிக்கு அருகில் கிடக்கும் பந்தை மெல்ல உருட்டி உள்ளே தள்ள வேண்டும். பட்டிங் என்று இதற்குப் பெயர். திரையின் அடியில் ஒரு வெறும் கோடு இருக்கும். விரலை அதன்மேல் எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அவ்வளவு வேகம். குழி எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று திரை சொல்லும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாது.

சடையப்பன் விரலை வைத்தால் கோடு பாதி மறைந்துவிடும். கையை வைத்தால் செல்போனே மறைந்துவிடும். குத்துமதிப்பாக இழுப்பான். பந்து குழிக்கு முன்னால் நிற்கும், இல்லாவிட்டால் தாண்டி ஓடும். ஒருநாள் ஒரே குழிக்குப் பதினொரு முறை உருட்டினான். பன்னிரண்டாவது முறை செல்போனைக் கடித்தான்.

அப்படிக் கடித்த அன்று, ஓர் ஆமணக்குச் செடியின் நிழலில் அவன் உட்கார்ந்திருந்தபோது, மேலேயிருந்து ஒரு காவடிப்புழு திரையில் விழுந்தது. உடம்பைக் காவடி போல வளைத்து, வாலை முன்னால் இழுத்து, தலையை நீட்டி, மறுபடி வளைத்து நடக்குமே, அந்தப் புழு. குண்டூசி நீளம் இருந்தது. அது திரையின் அடிக்கோட்டின் மேலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து போய்ச் சேர்ந்தது.

சடையப்பன் அதைச் சுண்டிவிட நகத்தை மடக்கினான்.

“பத்து” என்றது புழு.

“என்ன பத்து?”

“இந்தக் கோடு. சரியாப் பத்து காவடி. எதுக்கும் சொல்லி வைப்போம்னு சொன்னேன். நீங்க சுண்டுறதுன்னா சுண்டுங்க.”

சடையப்பன் நகத்தை விரித்தான். கரடியின் மூளை மெதுவாகத்தான் எழுந்திருக்கும். ஆனால் எழுந்துவிட்டால் படுக்காது.

“தம்பி, உன் பேரென்ன?”

“பழனியாண்டி, அண்ணாச்சி.”

“பழனியாண்டி, நீ ஒரு காவடி நட. அந்த எடம் வரைக்கும் நான் விரல இழுக்கேன். பந்து எவ்வளவு தூரம் ஓடுதுன்னு பாப்போம்.”

பந்து ஐந்து அடி ஓடியது. இரண்டு காவடிக்குப் பத்து அடி. மூன்றுக்குப் பதினைந்து. மூன்று நாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பத்து முறை ஆடிப் பார்த்து, ஒரு தேக்கிலையில் நகத்தால் கீறி வைத்தார்கள். இருபது அடிக்கு நாலு காவடி. மேட்டில் உருட்டினால் அரைக் காவடி கூட. பள்ளத்தில் அரைக் காவடி குறைவு.

அதற்குப் பிறகு வேலை எளிதாகிவிட்டது. பழனியாண்டி கோட்டின் ஓரமாக எண்ணி நடந்து நின்றுகொள்ளும். சடையப்பன் அதன் தலை வரைக்கும் விரலை இழுப்பான். “போதும், போதும், என் தலை!” என்று புழு கத்தும். விரல் நிற்கும். பந்து உருண்டு போய்க் குழியில் விழும்.

ஒரே வாரத்தில் சடையப்பன் முப்பதாம் இடத்துக்கு வந்தான். அடுத்த வாரம் பதினைந்து. பிறகு ஆறு. ஆறாம் இடத்தில் நின்று குனிந்தபோது தண்ணீரில் தன் முகம் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறான். காது கொஞ்சம் நரைத்திருந்தது.

திரும்பி வந்ததும் ஆமணக்கில் நல்ல தளிராகப் பார்த்து ஒரு கை பறித்தான்.

“சாப்பிடு தம்பி.”

“ரெண்டு கடி போதும் அண்ணாச்சி.”

“நான் முகம் பாக்கிற தண்ணி குடிக்கேன். நீ ரெண்டு கடி கடிச்சா எனக்குச் செரிக்குமா? சாப்பிடு.”

பழனியாண்டி சாப்பிட்டது.

சடையப்பன் இரண்டாம் இடத்தைப் பிடித்த அன்று வைரமணி புகார் கொடுத்தாள். திரையில் அளவுக் கருவி வைத்து ஆடுவது மோசடி என்று தேக்கிலையில் மூன்று பிரதிகள். ராஜாவின் குமாஸ்தாவான நாரை விசாரணைக்கு வந்தார்.

“இது திரையில் ஒட்டியிருக்கும் கருவியா?” என்று நாரை கேட்டார்.

“ஒட்டலீங்க, நடக்குது” என்றான் சடையப்பன்.

“அப்படியானால் வாகனமா?”

“இல்லீங்க. சாப்பிடும்.”

நாரை புழுவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். “நானும் சாப்பாடு விஷயமாகத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்” என்றார். பழனியாண்டி சடையப்பனின் மயிருக்குள் புகுந்துகொண்டது.

நாரை படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். கருவி என்றால் தடை. வாகனம் என்றால் உரிமம். உயிர் என்றால் போடுவதற்குக் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததால் குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலைக்குள் வைரமணியும் ஒரு காவடிப்புழுவைத் திரையில் ஏற்றிவிட்டாள். அவளுக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை. மறுநாள் அவள் திரையில் இருந்தது வேறு புழு. அதற்கு மறுநாள் இன்னொன்று. எல்லாமே குண்டூசி நீளம். காலையில் செடியிலிருந்து எடுப்பாள், மாலையில் செடியில் விடுவாள்.

சடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. “என்ன வைரமணி, நேத்து இருந்த தம்பி எங்க?”

“எந்தத் தம்பி?”

“உனக்கு அளந்து குடுத்தானே. அவன் பேரென்ன?”

“பேரா?” வைரமணி சிரித்தாள். “நாளைக்கு வேற புழு அண்ணாச்சி. பேரை வச்சு நான் என்ன செய்ய?”

சடையப்பன் அவளுக்காக வருத்தப்பட்டான். இப்படிப்பட்டவள் நன்றாக வாழமாட்டாள் என்று உறுதியாக நம்பினான். நாம் படித்து வளர்ந்த எல்லாக் கதைகளிலும் அப்படித்தானே நடக்கிறது?

சித்திரைக் கடைசியில் இறுதிப் போட்டி அறிவித்தார்கள். ராஜாவின் பாறைக்கு முன்னால், எல்லோரும் பார்க்க, ஒவ்வொருவராக ஒன்பது குழிகள் ஆட வேண்டும். அன்றைக்கு எந்த இடமோ, முதல் மழை விழும் வரைக்கும் அதே இடம். நடுவில் மாற்றம் கிடையாது. முதலிடம் கிடைத்தால் கோடை முழுக்கத் தெளிந்த தண்ணீர் என்று சடையப்பன் கனவில்கூடச் சப்புக்கொட்டினான்.

போட்டிக்கு முந்தைய நான்கு நாள் அவன் செல்போனைத் தொடவில்லை.

“தம்பி, நீ நடந்தது போதும். ஓய்வு எடு. போட்டிக்குத் தெம்பா இருக்கணும்.”

“ஒரு தடவை நடந்து பாத்துக்கலாமே அண்ணாச்சி.”

“உனக்கு மறந்தா போகும்? இந்தா, இது தளிர். இது அதைவிடத் தளிர். இதை வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கம் போய்ப் பறிச்சேன்.”

பழனியாண்டி தின்றது. தூங்கி எழுந்தது. மறுபடி தின்றது. மேல்தோல் இறுக்குகிறது என்று சொல்லி, அதைக் கழற்றி வைத்துவிட்டும் தின்றது. சடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, கன்றுக்குட்டி புல் மேய்வதைப் பார்ப்பதுபோல மனம் குளிரப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டி நாள். வைரமணி, பெயரில்லாத ஒரு புழுவுடன் முதலில் ஆடினாள். மொத்தம் இருபத்தேழே முறை அடித்து ஒன்பது குழிகளிலும் பந்தைப் போட்டுவிட்டாள். காடு கைதட்டியது.

சடையப்பன் வந்து உட்கார்ந்தான். முதல் குழி. ஒரே இழுப்பு. பந்து பறந்து போய்க் குழிக்கு இருபது அடியில் நின்றது. குரங்குகள் விசில் அடித்தன.

“நாலு காவடி தம்பி.”

பழனியாண்டி கம்பீரமாக நாலு காவடி நடந்து நின்றது. சடையப்பன் அதன் தலை வரைக்கும் விரலை இழுத்து விட்டான்.

பந்து குழியைத் தாண்டிப் பத்து அடி ஓடியது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தான். “ரெண்டு காவடி.” பந்து திரும்பி வந்து, குழியைத் தாண்டி, ஐந்து அடி இந்தப் பக்கம் நின்றது.

“ஒரு காவடி.” மறுபடி இரண்டரை அடி அந்தப் பக்கம்.

ஒவ்வொரு முறையும், போக வேண்டிய தூரத்தில் பாதியைப் பந்து கூடுதலாக ஓடியது. முதல் குழியில் ஆறு உருட்டல். இரண்டாவதிலும் ஆறு. மூன்றாவதில் பந்து ஓடிப்போய்த் திரைக் குளத்தில் விழுந்தது. முள்ளம்பன்றிகள் சிரித்துச் சிரித்து ஒன்றையொன்று குத்திக்கொண்டன. சிங்கராஜா, கோடை முழுவதிலும் முதல் தடவையாக, நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார்.

நான்காவது குழியில்தான் சடையப்பன் பந்தைப் பார்க்காமல் புழுவைப் பார்த்தான். குண்டூசி நீளத்தில் விழுந்த பழனியாண்டி இப்போது அவன் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கொழுத்து நீண்டு, பளபளவென்று படுத்திருந்தது.

“தம்பி… இந்தக் கோடு மொத்தம் எத்தனை காவடி?”

பழனியாண்டி நடந்து பார்த்தது. பாதி வழியில் அதற்கே விஷயம் புரிந்துவிட்டது. கடைசி வளைவை மிக மெதுவாகப் போட்டது.

“ஏழு கூட வரல அண்ணாச்சி.” பிறகு, சின்னக் குரலில், “நான் நாலுன்னா நாலுதான் வச்சேன்” என்றது.

“தெரியும் தம்பி. உன் மேல தப்பே இல்ல.”

மனக்கணக்காகக் குறைத்துப் பார்க்கலாம் என்று சடையப்பன் யோசித்துக்கொண்டிருந்தபோது பழனியாண்டி ஒரு கொட்டாவி விட்டது. “எனக்கு ஒரு மாதிரியா வருது அண்ணாச்சி. உடம்பெல்லாம் நூல் நூலா…” என்று சொல்லிக்கொண்டே கோட்டின் மேலேயே தன்னைச் சுற்றி இழை பின்ன ஆரம்பித்தது. ஐந்தாவது குழிக்குள் திரையில் ஒரு கூடு இருந்தது. அதை எடுத்தால் தம்பிக்கு வலிக்குமோ என்று பயந்து, மிச்சமிருந்த குழிகளைச் சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஆடினான்.

நாற்பத்து மூன்றாம் இடம்.

கோடை முழுக்கச் சேறு. தினமும் வைரமணி தெளிந்த தண்ணீர் குடித்துவிட்டு வரிசைக் கடைசிக்கு நடந்து வந்தாள். அவளுக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள்.

ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது, சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று சடையப்பனின் மூக்கில் வந்து உட்கார்ந்தது.

“அண்ணாச்சி, என்னைத் தெரியுதா?”

“தெரியாம போகுமா தம்பி?”

“இப்பக் காவடி போட வரமாட்டேங்குது. பறக்கத்தான் வருது.”

“பற, பற. அதுவும் நல்லதுதானே.”

மூக்கு அரித்தது. தும்மினால் தம்பி விழுந்துவிடுவான் என்று, அது கிளம்பிப் போகிற வரைக்கும் கால்மணி நேரம் சடையப்பன் தும்மலை அடக்கிக்கொண்டு நின்றான். அதற்குள் அவன் முறைக்கு மிச்சமிருந்த கொஞ்ச ஈரமும் வெயிலில் காய்ந்துவிட்டது. அன்றைக்குச் சேறும் கிடைக்கவில்லை.

அடுத்த கோடையில், போட்டிகள் தொடங்கிய முதல் நாள் காலை, சடையப்பன் அதே ஆமணக்குச் செடிக்குப் போனான். ஓர் இலையில் குண்டூசி நீளத்தில் ஒரு காவடிப்புழு நடந்துகொண்டிருந்தது.

“எறங்கி வா. ஒரு நாள் வேலை. கோடு பத்து காவடி வரணும். கூலி ரெண்டு கடி. சாயங்காலம் இதே இலையில விட்டுடுவேன்.”

“சரிங்க” என்று புழு திரையில் இறங்கியது. இறங்கியதும் அவனை ஏறிட்டுப் பார்த்தது. “நீங்க சடையப்பன் அண்ணாச்சிதானே? எங்க வம்சத்துல உங்களப் பத்தி ரொம்பச் சொல்வாங்க. எங்க தாத்தாவுக்குத் தாத்தா பேரைத்தான் எனக்கும்…”

சடையப்பன் இரண்டு பெரிய கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

“பேரைச் சொல்லாதே!” என்று கத்தினான். “நட!”

நீதி: உங்களுக்கு அளந்து கொடுப்பவரின் பெயரை ஒருபோதும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சாப்பிடச் சொல்லத் தோன்றும். அவர் சாப்பிட்டால் உங்களுக்குத் தண்ணீர் கிடைக்காது.